நிக்கோலா டெஸ்லாவும் உணரப்படாத வெப்பமும்

லக்சபானை நீர்மின் நிலையத்திலிருந்து புறப்பட்டுத் தேயிலை மலைகளைத் தாண்டிச் செல்லும் மின்கம்பிகளை நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, ஹட்டன் பகுதி மக்கள் பிறந்தது முதலே கண்டு வருகின்றனர். அக்கம்பிகள் ஏன் மூன்று மூன்றாகச் செல்கின்றன என்று வினவுவோர் மிகச் சிலரே. அதே மலைப்பகுதியிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொண்டவர், அவ்வியந்திரத்தின் வலிமையை 1.5 டெஸ்லா என்றும் 3 டெஸ்லா என்றும் வைத்தியர் குறிப்பிடக் கேட்டிருப்பார். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அங்கே எவரும் விளக்கியிருக்க மாட்டார்கள். மலைமேற் செல்லும் மின்சாரத்துக்கு வழி வகுத்தவரும், இயந்திரத்துக்கு அளவுப் பெயராய் நின்றவரும் ஒருவரே. அவ்வியந்திரத்தினுள்ளே மூளையிற் கம்பி தாங்கிய நோயாளிக்கு நேரக்கூடிய ஆபத்தொன்றின் வேரையும் அவர் தம் கைகளாலேயே தொட்டறிந்தார் என்பது பலரும் அறியாதது.

நிக்கோலா டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி, அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும் இன்று குரோவேஷியாவைச் சேர்ந்ததுமான ஸ்மிலியான் என்னும் மலையோரச் சிற்றூரிற் பிறந்தார். செர்பிய இனத்தவர். தந்தையார் வைதிகக் கிறிஸ்தவத் திருச்சபையின் குரு. தாயாருக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் நெடிய செர்பியக் கதைப்பாடல்களை மனத்தில் நிறுத்தி ஒப்புவிக்க வல்லவர். வீட்டு வேலைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே ஆக்கிக்கொள்ளும் கைத்திறனும் அவருக்கு இருந்தது. பொன்னர் சங்கர் கதையை ஏடின்றி விடிய விடியச் சொல்லும் முதியோரை அறிந்த மலையகத்தாருக்கு அந்த அம்மையாரின் நினைவாற்றல் வியப்பாகத் தோன்றாது. தமது கற்பனைத் திறன் தாய்வழி வந்தது என்றே டெஸ்லா கடைசிவரை கருதினார். தமையன் ஒருவர் இளமையிலேயே விபத்தில் இறந்தார். அத்துயரம் சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

குருவாக வேண்டுமென்ற தந்தையின் விருப்பத்துக்கு மாறாக, 1875இல் கிராஸ் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே வகுப்பறையிற் சுழன்றுகொண்டிருந்த மின்பொறி ஒன்றின் தூரிகைகளிலிருந்து தீப்பொறி பறப்பதைக் கண்டார். தூரிகையே இல்லாமல் ஒரு பொறியை ஓட்ட முடியாதா என்று வினவினார். அது நடவாத காரியமென்று பேராசிரியர் வகுப்பறையிலேயே மறுத்தார். மாணவர் பட்டம் பெறாமலே அக்கல்லூரியை விட்டு நீங்கினார்; வினா மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. 1882இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில், அந்தி வேளையில் நண்பரொருவருடன் உலாவிக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. கையிலிருந்த குச்சியால் மணலிற் படம் வரைந்து நண்பருக்குக் காட்டினார்.

அந்த விடையைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. பின்னர் வைத்தியசாலையில் அதையே மீண்டும் சந்திக்கப் போகிறோம். ஒரே வேகத்தில் ஏறியிறங்கும் இரண்டு மின்னோட்டங்களை, ஒன்றன்பின் ஒன்று சற்றுப் பிந்தி வருமாறு, வெவ்வேறு திசை நோக்கிய கம்பிச் சுருள்களிற் செலுத்தினால், அவற்றின் நடுவே தோன்றும் காந்தப் புலம் ஓரிடத்தில் நில்லாமற் சுழலும். சுருள் சுழல்வதில்லை, புலம் மட்டுமே சுழல்கிறது. அப்புலத்தில் வைத்த இரும்புருளை எதனையும் தொடாமலே அதனோடு சேர்ந்து சுழலும். தூரிகை வேண்டாம், தீப்பொறியும் இல்லை. இத்தாலியில் பெராரிஸ் என்ற அறிஞரும் தனித்து நின்று இதே கருத்தை அடைந்தார். மூன்று கம்பி முறையைச் செப்பனிட்டதில் பிறருக்கும் பங்குண்டு. எனினும், உலகை இயக்கும் அளவுக்கு அதை ஒரு முழு அமைப்பாகக் கண்டவர் டெஸ்லாவே என்பது பெரும்பாலோர் கொள்கை. எமக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

1884இல் நியூயார்க் வந்தார். எடிசனின் கம்பனியிற் சில மாதங்கள் உழைத்து, மனக்கசப்புடன் விலகினார். தாமே தொடங்கிய கம்பனியும் கைநழுவியது. 1886ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தெருவிற் குழி வெட்டும் கூலியாளாய் வயிறு வளர்த்தார். இரண்டே ஆண்டுகளிற் காலம் மாறிற்று. 1888 மே மாதத்திற் காப்புரிமைகள் கிட்டின; அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் தமது பொறியை விளக்கி உரையாற்றினார்; வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழிலதிபர் அவற்றை வாங்கினார். நேர்மின்சாரமா, ஆடலோட்டமா என்று எடிசன் கட்சிக்கும் வெஸ்டிங்ஹவுஸ் கட்சிக்கும் நடந்த போரைப் பலரும் எழுதிவிட்டனர். அதன் முடிவு 1896 நவம்பரில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் தொலைவிலிருந்த பஃபலோ நகரை எட்டியபோது உறுதியாயிற்று.

வீழ்ந்து வீணாகும் நீரை மின்சாரமாக்கித் தொலைவுக்கு அனுப்பலாம் என்ற அந்தச் சான்று மலைநாடுகள் யாவற்றுக்கும் நம்பிக்கையளித்தது. இலங்கையில் அந்நம்பிக்கையைத் தம் வாழ்நாட் பணியாய்க் கொண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் நீர்மின் வளம் பற்றிய தமது ஆய்வை வைத்தார். அரசாங்கம் அதற்குக் காது கொடுக்க நெடுங்காலம் சென்றது. லக்சபானை நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அதைக் கண்ணாற் கண்டு 1953இல் அவர் மறைந்தார். மின்சாரம் மலையிற் பிறந்து கொழும்புக்குச் சென்றது. அக்கம்பிகளின் கீழேயே கொழுந்து பறித்தவர்களின் லயக் காம்பராக்கள் பலவற்றிற் பின்னும் பல்லாண்டுகள் குப்பிவிளக்கே எரிந்தது.

இனி, நமது கருத்துக்கு முதன்மையான காலத்துக்கு வருவோம். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெஸ்லாவின் நாட்டம் மிக விரைவாக ஆடும் மின்னோட்டத்தின்பாற் சென்றது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு ஐம்பது தடவை ஆடுகிறது. அது உடலிற் பாய்ந்தால் தசை இழுபட்டு உயிரும் போகலாம். அவரோ வினாடிக்குப் பத்தாயிரம், பின்னர் இலட்சக்கணக்கான தடவை ஆடும் ஓட்டங்களை உண்டாக்கினார். அவற்றைத் தம் உடலினூடே செலுத்திக் கையிற் பிடித்த விளக்கை ஒளிரச் செய்தார். 1891 மே மாதம் கொலம்பியாக் கல்லூரியில் இதைக் கண்டோர் வாய் பிளந்து நின்றனர். அடுத்த ஆண்டு இலண்டனும் பாரிசும் கண்டன. எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1894இல் டெஸ்லாவின் ஆய்வுகூடத்தில் அத்தகைய விளக்கொன்றை ஏந்தி நின்ற படம் இன்றும் கிடைக்கிறது.

அவை ஏன் கொல்லவில்லை? நரம்பு என்பது விரைவில் ஓர் எல்லை உடையது. வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் ஓட்டத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. ஒவ்வோர் ஆட்டமும் நரம்பு விழிக்குமுன்னரே கடந்துவிடும். ஆகவே அதிர்ச்சி இல்லை, வலியும் இல்லை. ஆனால் ஓட்டம் ஓட்டந்தான். உடலின் உப்புநீரில் அது செல்லும்போது வெப்பம் பிறந்தே தீரும். டெஸ்லா அவ்வெப்பத்தைத் தம் உடலிலேயே உணர்ந்து 1891இல் எழுதினார். நோய் தீர்க்க அது பயன்படக்கூடும் என்றும் கருதினார். பிரான்சில் தார்சோன்வால் என்ற உடலியலறிஞரும் அதே காலத்தில் இதனை ஆராய்ந்தார். 1898இற் பஃபலோவிற் கூடிய மின்வைத்தியர் சங்கத்துக்கு டெஸ்லா இதுபற்றி ஒரு கட்டுரை வழங்கினார். இவ்வழியிற் பிறந்ததே டயதெர்மி என்னும் வெப்ப வைத்தியம். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

கண்டோர் அதிர்ச்சியின்மையைத் தீங்கின்மை என்றே எண்ணி மகிழ்ந்தனர். டெஸ்லாவுக்கும் இத்தகைய மயக்கம் ஒருமுறை நேர்ந்தது. ரொண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்களை 1896இல் ஆராய்ந்தபோது, தம் தலையையே அக்கதிருக்குக் காட்டிச் சோதித்தார். இதமான தூக்கக் கலக்கம் உண்டாவதாக எழுதினார். தீங்கொன்றையும் அவர் அப்போது உணரவில்லை. சோதனைகள் நீள நீளத் தோல் சிவந்தது, புண்ணாயிற்று. மறு ஆண்டே அக்குழாய்களால் விளையும் தீங்கைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். தீங்கின் காரணத்தை அவர் முழுதும் சரியாகக் கண்டாரல்லர். ஆனால் விலகி நிற்கவும் நேரத்தைக் குறைக்கவும் வேண்டுமென எச்சரித்தார். உடல் உடனே முறையிடவில்லை என்பதால் உடலுக்கு ஊறில்லை எனக் கொள்ளலாகாது என்பதை அவர் தம் தோலிலேயே கற்றார்.

இடையில் ஒரு செய்தி. தமிழ் வாசகர்க்கு உவப்பானது. 1896 பெப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கில் டெஸ்லாவைச் சந்தித்தார். பிராணன், ஆகாசம் என்னும் வேதாந்தக் கருத்துகள் டெஸ்லாவைக் கவர்ந்தன. சடமும் சக்தியும் ஒன்றேயென்று அவர் கணிதத்தால் நிறுவக்கூடுமென்று சுவாமிகள் எதிர்பார்த்தார். அது நிறைவேறவில்லை. பதினொரு மாதங்கள் கழித்து, 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமிகள், கண்டி, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் சென்றார். டெஸ்லாவோடு உரையாடிய ஒருவர் அன்று நமது மலைநாட்டு இரயிலிற் பயணம் செய்தார் என்று எண்ணுகையில் உலகம் சிறிதாகத் தோன்றுகிறது.

பிற்கால வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1895இலேயே ஆய்வுகூடம் தீக்கிரையாகியிருந்தது. 1899இற் கொலராடோவிற் செயற்கை மின்னலை விளைத்தார். 1901இற் கம்பியின்றிச் செய்தியும் சக்தியும் அனுப்பப் பெருங்கோபுரம் ஒன்றைத் தொடங்கினார். பொருளுதவி நின்றது, கோபுரம் முற்றுப்பெறாமலே 1917இல் இடிக்கப்பட்டது. மணம் புரியாதவர், விடுதி விடுதியாக மாறி, புறாக்களுக்குத் தீனியிட்டு, கடன் சுமந்து வாழ்ந்தார். 1943 ஜனவரி 7ஆம் திகதி நியூயார்க்கர் விடுதியின் 3327ஆம் இலக்க அறையில் தனியே உயிர் நீத்தார். 1960இல் அனைத்துலக அளவைப் பேரவை காந்தப் புலத்தின் அடர்த்திக்கு டெஸ்லா என்று அலகுப் பெயர் சூட்டியது.

அந்நாளில் அவ்வலகு பெரும்பாலோர்க்கு ஏட்டுச் சொல்லாகவே இருந்தது. நிலவுலகின் காந்தப் புலம் ஒரு டெஸ்லாவின் இருபதினாயிரத்தில் ஒரு பங்களவே. எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்த பின்னரே பொதுமக்கள் அப்பெயரைக் கேட்டனர். அதன் பெருங்காந்தம் உடலிலுள்ள நீரின் ஐதரசன் கருக்களை ஒரு நெறிப்படுத்துகிறது. வேறொரு சுருள், வானொலி அலைவேகத்தில் ஆடும் புலமொன்றைச் சுழல விட்டு அக்கருக்களைத் தட்டியெழுப்புகிறது. புடாபெஸ்ட் பூங்காவில் மணலில் வரைந்த அதே சுழலும் புலந்தான். அங்கே அது இரும்புருளையைச் சுழற்றிற்று. இங்கே அணுக்கருவை அசைக்கிறது. 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அப்புலம் வினாடிக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் தடவை ஆடும். அதிர்ச்சி உண்டாகாத, வெப்பம் மட்டும் உண்டாகும் வேகம் அது. சாதாரண நோயாளிக்கு அவ்வெப்பம் அற்பம். இரத்தவோட்டமே அதைக் கொண்டு சென்றுவிடும். தலைக்கும் உடலுக்கும் இவ்வளவு சக்திக்கு மேல் செலுத்தலாகாது என்ற வரம்புகளும் உள்ளன.

மூளையிற் கம்பி தாங்கியவரின் நிலை வேறு. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் மருந்துக்கு அடங்காதபோது, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்வாய்க் கம்பியைப் பதித்து, தோலின் கீழாகக் கழுத்து வழியே கொண்டுவந்து, மார்பிற் பதித்த மின்கலப் பெட்டியோடு இணைப்பர். 1987இற் பிரான்சின் கிரனோபில் நகரில் பெனாபிட் குழுவினர் இம்முறைக்குப் புத்துயிர் ஊட்டினர். அதற்கு முன்னரே, 1970களில், சென்னையில் டாக்டர் பி. இராமமூர்த்தி வளர்த்த நரம்பியல் அறுவைப் பள்ளியைச் சேர்ந்த டாக்டர் டி. எஸ். கனகா மூளையில் மின்வாய்களை நிலையாகப் பதிக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத் தக்கது.

பழைய நாளில் லயத்தின் கூரையிலிருந்து நிழல் மரத்துக்குச் செப்புக் கம்பி கட்டி இலங்கை வானொலி கேட்டவர்கள், கம்பி நீண்டாற் குரல் தெளியும் என்பதை அனுபவத்தால் அறிவார்கள். ஆகாயத்தில் வரும் அலையைக் கம்பி தன் நீளம் முழுவதிலும் வாங்கி, நுனியிற் கொண்டுவந்து சேர்க்கிறது. மூளைக்கம்பியும் இயந்திரத்தினுள்ளே அத்தகைய ஏரியலாகிவிடுகிறது. 1.5 டெஸ்லாவுக்குரிய வானொலி அலை காற்றில் ஏறக்குறைய 4.7 மீற்றர் நீளம்; நீர் நிறைந்த உடலினுள்ளே அது அரை மீற்றர் அளவுக்குச் சுருங்கும். தலையிலிருந்து மார்பு வரை செல்லும் கம்பியின் நீளமும் அதனோடு ஒப்பிடத்தக்கதாய் இருப்பதே தீவினை. கம்பி முழுவதும் உறை மூடியிருக்க, மூளைக்குள் உள்ள நுனியில் மட்டுமே உலோகம் வெளிப்பட்டிருக்கிறது. ஒன்றரை மில்லிமீற்றர் நீளமேயுள்ள அவ்வுலோக வளையங்களின் வழியே திரண்ட ஓட்டம் முழுவதும் மூளைத் திசுவிற் பாய்கிறது.

உடலைப் போன்ற கூழ் நிரப்பிய பொம்மையிற் கம்பியை வைத்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட சோதனைகளில், முறையற்ற அமைப்பில் நுனியின் வெப்பம் 25 டிகிரி வரை உயர்ந்தது. உடலின் இயல்பான 37 டிகிரியோடு அதைக் கூட்டிப் பாருங்கள். 45 டிகிரியைத் தாண்டினாலே மூளையணுக்கள் மடியத் தொடங்கும். மின்வாய் நுனியைச் சூடாக்கி மூளையின் ஒரு புள்ளியை வேண்டுமென்றே சுட்டழிப்பது நரம்பியல் அறுவையில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு வைத்தியம். அதே காரியம் வேண்டாத இடத்தில், வைத்தியர் அறியாமலே நிகழ்வதுதான் இங்கு ஆபத்து. மூளைத் திசுவுக்கோ வலியுணர்வு கிடையாது. சுருளின் தடதடவென்ற ஓசைக்கு நடுவே அசையாது படுத்திருக்கும் நோயாளி, தன் தலையினுள்ளே ஒரு புள்ளி வேகுவதை அறியமாட்டார். டெஸ்லாவின் மேடையில் விந்தையாய் நின்ற அதிர்ச்சியின்மை இங்கே எச்சரிக்கையின்மையாகிறது.

இது வெறும் அச்சமன்று. டெஸ்லாவின் வழிவந்த டயதெர்மியே முதலிற் பலி கொண்டது. மூளைக்கருவி தாங்கிய ஒருவருக்குப் பற்கள் பிடுங்கிய பின்னர் தாடையில் அவ்வைத்தியம் செய்யப்பட்டது. கம்பி நுனிகளைச் சுற்றி மூளை வெந்து அவர் மீளா மயக்கத்தில் ஆழ்ந்தார். 2001இல் மருத்துவ ஏடு இதனை வெளியிட்டது. இத்தகைய இரு நோயாளர் இறந்ததைச் சுட்டி, 2002 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. 2005இல் வெளியான மற்றொரு வரலாறு எம்.ஆர்.ஐ. பற்றியது. படம் எடுத்தது தலைக்கன்று, இடுப்பு முதுகெலும்புக்கு, காந்தமும் 1.0 டெஸ்லாவே. ஆயினும் மின்வாயைச் சுற்றி மூளையில் இரத்தம் கசிந்து உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. தலை தொலைவில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. உடற்சுருள் விடுக்கும் அலை மார்பிலும் கழுத்திலும் உள்ள கம்பியைத் தொட்டாற் போதும்.

ஆகவே கட்டுப்பாடுகள் பிறந்தன. பழைய கருவிகள் சிலவற்றுக்கு 1.5 டெஸ்லா இயந்திரத்தில், தலைக்கென்றே அமைந்த சுருளைக் கொண்டு, தலையிற் கிலோவுக்கு 0.1 வாட் சக்திக்கு மேற்படாமல் மட்டுமே படமெடுக்கலாம் என விதித்தனர். பொதுவான வரம்பில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அது. 2015க்குப் பின் முழு உடற்படமும் எடுக்கத்தக்க கருவிகள் வந்துள்ளன. அவையும் நிபந்தனைக்கு உட்பட்டவையே. ஒரு கருவிக்குச் சரியான விதி மற்றொரு கருவிக்குப் பொருந்தாது. 1.5இல் அனுமதி பெற்றது 3இல் தீங்கற்றது என்றும், 3இல் அனுமதி பெற்றது 1.5இல் தானே தீங்கற்றது என்றும் கொள்வது தவறு. அலையின் நீளம் மாறினாற் கணக்கெல்லாம் மாறும்.

தோட்டத்திலிருந்து பஸ்ஸேறி வரும் முதியவரின் கையில் கிளினிக் கொப்பி இருக்கும். கருவியோடு தந்த அட்டை வீட்டுப் பெட்டியிற் கிடக்கும். தமிழ்நாட்டிலோ கொழும்பிலோ எங்கே அறுவை நடந்ததென்பது மகனுக்குத் தெரியும், அவனோ வெளியூரில் இருப்பான். முழங்கால் வலிக்கு வெப்ப வைத்தியம் செய்ய முன்வரும் ஊழியருக்கு, மேற்சட்டைக்குள் இருக்கும் பெட்டியைப் பற்றித் தெரிய நியாயமில்லை. கேட்டாலன்றி இவரும் சொல்லமாட்டார். மூளைக்கருவி தாங்கியவருக்கு டயதெர்மி எந்த உறுப்பிலும் ஆகாது, கருவி நிறுத்தப்பட்டிருப்பினும் ஆகாது. கம்பி உள்ளவரை ஏரியல் உள்ளது. எம்.ஆர்.ஐ. அறையிலோ, முதலில் அட்டையிலுள்ள கருவியின் பெயரையும் இலக்கத்தையும் ஒப்பிடுவர். கம்பி முறிந்திருக்கிறதா, பழைய கம்பி ஏதும் அகற்றாமல் விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பர். அவ்வாறாயின் பெரும்பாலும் படமெடுக்க உடன்படார். கருவியைப் படமெடுப்புக்குரிய நிலைக்கு மாற்றி, நோயாளிக்குக் காய்ச்சல் இல்லையென்று உறுதி செய்து, எத்தனை டெஸ்லா, எந்தச் சுருள், எவ்வளவு சக்தி, எத்தனை நிமிடம் என்பவற்றைக் குறித்துக்கொள்வர். அதன் பின்னரே கதவைத் திறப்பர்.